லூபேசினா உண்டாக்கிய அண்ணன்

சவாயி தீவின் சலேலோலொங்கா படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் லூபேசினா. ஒரு படகு போய் அடுத்தது வரும்வரை நாவல் எழுதுவாள். மூன்று நாவல்கள் அச்சாகிவிட்டன. கடல்பூதம், ராட்சத ஆமை, டோங்காக்காரர்களோடு நடந்த பழைய போர் எல்லாம் அவற்றில் வரும். தீவில் டாக்சி ஓட்டுகிறவர்கள்கூடப் படித்திருக்கிறார்கள்.

பூதத்தைப் பற்றி அவள் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் தோணியின் பலகைகளை எந்த நாரால் தைத்தார்கள், கசிவை எந்த மரத்துப் பிசினால் அடைத்தார்கள் என்று தெரியாமல் ஒரு வரி எழுதமாட்டாள். காணிக்கையாக ஒரு டின் மாட்டிறைச்சியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். பெரியவர்கள் முன்னால் பாயில் உட்கார்ந்து, அவர்கள் சலித்துப்போகும்வரை கேட்பாள். ஒவ்வொரு நாவலின் முதல் பக்கத்திலும், ‘பூதங்கள் என்னுடையவை. மனிதர்கள் பெரியவர்கள் சொன்னபடி’ என்று போடுவாள்.

அந்த வரிதான் வினையாகிப்போனது.

அவள் குடும்பத்தின் தவுலானியூ என்ற தலைவர் பட்டத்தை வைத்திருந்த சித்தப்பா இறந்துபோனார். அடுத்து அவள் தம்பி ஃபெரெத்திக்கு என்று ஒரு கிளை பேசி முடித்தது. மற்ற கிளையின் பெரியவர் அலாபத்தி வழக்குப் போட்டார். முதல் தவுலானியூவுக்கு ஓர் அண்ணன் இருந்தான், நாங்கள் அவன் விட்டுப்போன பிள்ளையின் வழி, பட்டம் மூத்தவன் வழிக்குத்தான் என்பது அவர் வாதம். சாட்சியாக லூபேசினாவின் மூன்றாவது நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்படி ஓர் அண்ணன் இருந்ததே இல்லை. ஏழாம் அத்தியாயத்தில் ஆமை கடலுக்குள் போக வேண்டும், அதன் முதுகில் யாராவது ஏற வேண்டும். தவுலானியூவே ஏறிப் போய்விட்டால் அப்புறம் பட்டம் யாருக்கு? அதனால் அவருக்கு ஓர் அண்ணனை உண்டாக்கி ஆமைமேல் ஏற்றிவிட்டாள்.

ஃபெரெத்தி இதை அக்காவிடம் நேரில் கேட்கவில்லை. அக்காவிடம் கணக்குக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. பெண்டாட்டி சூலியை அனுப்பிவிட்டு, காதுக்கு எட்டுகிற தூரத்தில் பன்றிப்பட்டிக் கல்லை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணி, அந்த அண்ணன் நெஜமா?” என்றாள் சூலி.

“இல்லடி. நான் கட்டின கதை.”

“அப்பாடா! அதக் கோர்ட்டுல சொல்லிடுங்க, முடிஞ்சுது.”

“சொல்றேன். நம்பணுமே! தம்பிக்குப் பட்டம்னதும் நாக்கு புரளுதும்பாங்க.”

பட்டியில் கல் வைக்கும் சத்தம் நின்றது.

வழக்கு நாளில் துவாசிவி நீதிமன்றம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் அவள் வாசகர்கள். அந்த அண்ணன் தான் கட்டிய கதை என்று லூபேசினா சொன்னதும் அலாபத்தி கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

“மூணு புஸ்தகத்துலயும் மொதல் பக்கத்துல சத்தியம் பண்ணியிருக்கா. இப்ப தம்பிக்குப் பட்டம்னதும் அண்ணன் செத்துட்டானா?”

“பொறக்கவே இல்லையாம், பெருசு!” என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது.

“நான் புஸ்தகத்துல படிச்சதச் சொல்லலைங்க. எங்க தாத்தா சொன்னது” என்றார் அலாபத்தி நீதிபதியிடம். அண்ணன் குகையில் ஒளிந்தது, இடுப்பில் சுறாப்பல் கட்டியிருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். வாக்கியங்கள் அவளுடையவை. ஆனால் அவர் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. கண்கூடக் கலங்கியிருந்தது.

லூபேசினாவுக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அதைச் சொன்னால், விசாரிக்காமல் ஒரு சொல்லும் எழுதமாட்டாள் என்று இத்தனை வருடம் வாங்கிய பெயர் இங்கேயே போய்விடும்.

நீதிபதியிடம் அனுமதி கேட்டாள். “பெரியப்பா, குகையில அவரு என்ன சாப்பிட்டாரு?”

“மரவள்ளிக் கெழங்கு. சுட்டுத் தின்னாரு.”

“இதையும் தாத்தாதான் சொன்னாரா?”

“பின்ன? அவரேதான்.”

“ஐயா, அந்தக் காலத்துல இந்தத் தீவுல மரவள்ளியே கெடையாது. வெள்ளைக்காரன் கப்பல் வந்தப்புறம் வந்த கெழங்கு. புஸ்தகம் வந்த பிறகு, டிக்கெட் வாங்க வந்த விவசாய அதிகாரி ஒருத்தர் சொல்லித்தான் எனக்கே தெரியும். குகையில மரவள்ளி தின்னாருன்னு நான் விசாரிக்காம எழுதிட்டேன். வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. என் தப்பு எப்படிங்க அவங்க தாத்தா வாயில வரும்?”

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு நர்ஸ், மடியில் வைத்திருந்த நாவலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நீதிபதி அந்த விவசாய அதிகாரியை மறுநாள் வரவழைத்துக் கேட்டார். சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. அண்ணன் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, பட்டம் ஃபெரெத்திக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

பட்டம் கட்டும் நாளில் அலாபத்தி வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்தார், சீராக வைக்கும் பாய்களும் கொண்டுவந்தார். விருந்துப் பன்றியில் அவர் கிளைக்கு உரிய பங்கை ஃபெரெத்தி முதலில் வைக்கச் சொன்னான். அதை அவர் தொடவில்லை. லூபேசினா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் பொய் சொல்லல, லூபே.”

“தெரியும், பெரியப்பா.”

“தாத்தா குரல்லயே கேக்குதும்மா. சுறாப்பல்லுன்னு சொல்றது கேக்குது.”

அந்தச் சுறாப்பல்லை எந்தக் கிழமை, எந்தப் படகுக்குக் காத்திருந்தபோது எழுதினாள் என்றுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

“புஸ்தகத்த விட்டுடுங்க. தாத்தா நெஜமா உங்ககிட்ட என்ன பேசுவாரு?”

“கதையெல்லாம் ஒண்ணும் சொன்னதில்லை போல. எப்பவும் வலைதான். வலையத் தப்பா மடிச்சா முதுகுல ஒண்ணு வைப்பாரு.”

“எப்படி மடிக்கணும்?”

“அதுவா...” மேல்துண்டை எடுத்து மடியில் விரித்தார். “ஈயம் இந்தப் பக்கம். மெதக்கட்ட இந்தப் பக்கம்.”

“ஈயம் வர்றதுக்கு முன்னாடி என்ன கட்டினாங்க, பெரியப்பா?”

“சிப்பி. ஓட்ட போட்ட சிப்பி.”

“என்ன சிப்பி?” என்று கேட்டுக்கொண்டே லூபேசினா இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.