கணினி மையத்தில் உங்கள் நம்பர் என்ன?

கணினி மையத்துக்காரனிடம் யாரும் பெரிய வேலை கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. எல்லாமே "ஒரு சின்ன வேலை"தான். இப்படி ஓர் அலுவலகத்தில் நீங்களும் மாட்டிக்கொண்டவர் என்றால் மேலே விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில், பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில், அறையை அடைத்துக்கொண்டு நின்ற ஒரே கம்ப்யூட்டரோடு நான் பட்ட பாடு இது.

எல்லாமே அவசரம்

எந்தத் துறைக்குப் புரோகிராம் வேண்டுமென்றாலும் எங்களிடம்தான் மனு வரும். எல்லா மனுவிலும் சிவப்பு மையில் 'அவசரம்' என்றிருக்கும். யார் சத்தம் அதிகமோ அவர் வேலை முதலில் முடியும். என் மேலதிகாரி சிவபாலனுக்கு ஒழுங்கு என்றால் உயிர். கிளினிக்கில் கொடுப்பதுபோல் இனி மனுவுக்கு ஒரு நம்பர், வரிசைப்படிதான் வேலை என்று அறிவித்துவிட்டார்.

பராமரிப்புப் பிரிவின் முனியாண்டி அண்ணன், உதிரிபாகக் கணக்குக்கு ஒரு புரோகிராம் கேட்டு வந்தார். நம்பரைக் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல சிஸ்டம்லா தம்பி. எங்க டிபார்ட்மென்ட்லயும் போட்டுடறேன்."

துண்டு போட்டவர்கள்

அண்ணன் வருவதற்கு முன்பே, கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதவர்களும் வந்து நம்பர் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். புவியியல் துறைக் கிளார்க் முதல் நாளே நான்கு நம்பர் வாங்கியிருந்தார். என்ன புரோகிராம் வேண்டும் என்று கேட்டால், "அது அப்புறம் யோசிக்கலாம் தம்பி. இடம் போயிடக் கூடாது பாருங்க" என்றார்.

கைமாறிய நம்பர்

மாணவர் விடுதி அலுவலகத்து லெட்சுமி அக்காவுக்கு மட்டும் உண்மையாகவே அவசரம். புது மாணவர்களுக்கு அறை ஒதுக்கிப் பட்டியல் போட வேண்டும். முந்தைய வருடம் கையால் எழுதியதில் ஒரே கட்டிலுக்கு இரண்டு பேர். நிபோங் திபாலிலிருந்து வந்த ஒரு பெண், பெட்டியும் கையுமாக மண்டபத்தில் படுத்ததைப் பார்த்தவன் நான். அது எனக்கு இன்னும் உறுத்தல்.

ஆனால் அக்காவின் நம்பர் கடைசியில் இருந்தது. மறுநாளே முன்வரிசை நம்பரோடு வந்து நின்றார். அது புவியியல் கிளார்க்குடையது. அவர்கள் துறைக்கு வரும் விருந்தினர்களுக்கு விடுமுறையில் விடுதி அறை தருவதாகச் சொல்லி அக்கா வாங்கியிருக்கிறார். இது உங்கள் நம்பர் இல்லையே என்றேன். அக்கா சொன்னார்: "நம்பர்படின்னுதானே சொன்னீங்க, யாரோட நம்பர்னு சொல்லலையே."

ஏர்கான் படுத்தது

புரோகிராம் தயார். பட்டியல் அச்சடிக்க வேண்டிய வெள்ளிக்கிழமை ஏர்கான் நின்றுபோனது. அந்தச் சூட்டில் கம்ப்யூட்டரை ஓட்ட முடியாது, அணைத்துவிட்டோம். திங்களன்று மாணவர்கள் வந்துவிடுவார்கள். ஓடிப்போய் முனியாண்டி அண்ணனிடம் நின்றேன். அவர் பொறுமையாக ஒரு சீட்டை நீட்டினார். எனக்கு முன்னால் ஒரு கூட்டமே இருந்தது. சிவபாலனே போன் செய்தார்; திட்டவும் முடியவில்லை, அது அவருடைய சட்டமாயிற்றே. மறுபடியும் பிள்ளைகள் மண்டபத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்து வந்த லெட்சுமி அக்கா கைப்பையைத் திறந்தார். விடுதிக் குழாய் எப்போது உடையுமோ என்று பராமரிப்புப் பிரிவிலும் ஒரு நம்பர் வாங்கி வைத்திருந்தார். அங்கே அடுத்துக் கூப்பிட வேண்டிய நம்பர் அதுதான். முனியாண்டி அண்ணன் மறுபேச்சில்லாமல் கருவிப் பெட்டியைத் தூக்கினார். சாயங்காலம் பட்டியல் அச்சாகி வந்தது. திங்களன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டில் இருந்தது.

ஏணியிலிருந்து இறங்கும்போது அண்ணன் கேட்டார்: "அது கெடக்கட்டும் தம்பி, என் புரோகிராம் எத்தனாவதா நிக்குது?"

அவருக்கு முன்னால் நின்றவை புவியியல் துறையின் மூன்று காலி நம்பர்கள்; எங்கள் மையத்தில் எல்லாமே வரிசைப்படிதான் நடந்தது, அந்த வரிசை லெட்சுமி அக்காவின் கைப்பையில் இருந்தது.