பொட்டு வைத்த போன்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கம்பெனி அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். அவர் போனின் காமிரா மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அடிக்கடி அதைத் தடவிக்கொண்டார். திருஷ்டிக்கு என்று நினைத்தேன்.

எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அதற்காக எதையும் படித்துச் சொல் என்று மருமகளிடம் நீட்டியதில்லை. என் போனில் ஒரு ஆப் இருக்கிறது. காகிதத்தைக் காட்டினால் அதுவே வாசித்துச் சொல்லும். அன்று டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இது இலவசமா பாட்டி?" என்றார்.

"ஓசிதான் நைனா."

"நீங்க காட்டுறதை எல்லாம் அந்தக் கம்பெனியும் படிக்கும்."

"படிக்கத்தானே காட்டுறேன்?"

"படிச்சு வச்சுக்கும் பாட்டி. உங்க வியாதி வரைக்கும்."

"என் வியாதிய வச்சுகினு இன்னா பண்ணுவான்?"

"அந்த மாதிரி கம்பெனிலதான் நானும் இருக்கேன். எனக்கே முழுசாத் தெரியாது." கரையான்சாவடியில் இறங்கிவிட்டார்.

அவர் பொட்டு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து நானும் காமிரா மேல் ஒரு பொட்டை ஒட்டினேன். போன் வாசிக்கவில்லை. மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது, எந்த மாத்திரை எப்போது என்று தெரியவில்லை. பொட்டை எடுத்தேன். அன்றிலிருந்து எடுப்பதும் ஒட்டுவதுமாக இருக்கிறேன். செய்வது சரியா என்று புரியவில்லை. விஷயம் தெரிந்த அவர் என்ன செய்கிறாரோ. யோசித்துப் பார்த்தால், அவருடைய பொட்டின் ஓரமும் சுருண்டுதான் இருந்தது.