இருபதாம் நம்பர் சீட்டு

கோட்டான் என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நான்தான். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கண்ணை மட்டும் உருட்டி உருட்டிப் பார்ப்பாள். இன்று ஒரு பெரிய மருத்துவமனையில் மாவுக்கட்டு அறையே அவள் கையில். கை கால் ஒடிந்து அலறிக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் கப்சிப்பென்று உட்கார்ந்துவிடுகிறார்களாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் மெச்சுகிறார்கள். மெச்சட்டும். அந்த வித்தை எங்கே கற்றது என்று என்னைக் கேளுங்கள். என் புத்தகத்தில் கற்றது.

ஒன்பதாம் வகுப்பில் நடந்த கதை இது. அத்தை மகன் வீடு மாறும்போது எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போன பெட்டியில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. விளையாட்டுப் புத்தகம்தான், ஆனால் பலகையும் காயும் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். "குகை வாசலில் நிற்கிறாய், உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்வாய்?" என்பார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடியாகவோ மாறி, தாங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும்.

அப்படியொரு பகடையை எந்தக் கடைக்காரரும் கண்டதில்லை. ஆகவே ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். சீட்டை எடுக்க வேண்டும், காட்ட வேண்டும், திருப்பிப் போட்டுவிட வேண்டும். எழுதியது நான், ஏனென்றால் பள்ளியிலேயே அழகான கையெழுத்து என்னுடையது. என் இரண்டுக்கு அடியில் ஒரு சுழி வரும். அதைப் பார்த்து எழுத முயன்று தோற்றவர்கள் பலர்.

மாடிப்படி முடிகிற இடத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மதிய இடைவேளையில் அங்கே நாங்கள் நால்வர்: நான், கோட்டான், நெடுநெடுவென்று வளர்ந்த ஒட்டடைக்குச்சி, எதற்கெடுத்தாலும் ஆட்ட விதி பேசுகிற, வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற ரேங்க். உடையாத நாற்காலி ஒன்றே ஒன்றுதான். கதை நடத்துகிற எனக்கு அது.

நன்றாகத்தான் நடத்தினேன். முதல் நாளே மூன்று பேரையும் கொன்றுவிட்டேன். கதவைத் திறந்தார்கள், பாம்பு கடித்தது, செத்தார்கள். புத்தகத்து விதி அப்படி, நான் என்ன செய்ய? இரண்டாம் வாரம் எனக்கு டைபாய்டு. மூன்று வாரம் படுக்கை.

திரும்பி வந்தபோது நாற்காலியில் கோட்டான்!

வாய் திறக்காதவள் திறந்திருக்கிறாள். அவள் கதையில் குகை அரக்கனுக்குப் பல்வலியாம். ஒட்டடைக்குச்சி அவனோடு சண்டை போடாமல் கயிறு கட்டிப் பல்லைப் பிடுங்கிவிட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ரேங்க்கூட விதி பேசவில்லை. எனக்குக் காதில் புகை வந்தது.

"எழுந்திரு, நான்தான் வந்துட்டேன்ல," என்றேன்.

ஒட்டடைக்குச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இருடி, நல்ல கட்டத்துல இருக்கோம். கோட்டானே நடத்தட்டும்."

கோட்டான் மெதுவாகச் சொன்னாள்: "உனக்குன்னு ஒரு திருடி வச்சிருக்கேன். கோட்டை வாசல்ல தூங்கிட்டிருக்கா. நீ வந்ததும் எழுப்பிக்கலாம்னு விட்டு வச்சேன்."

மூன்று வாரமாக என்னைத் தூங்க வைத்திருக்கிறாள்! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் புத்தகம், என் சீட்டு, என் நாற்காலி. எப்படியும் அதை வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

திருடிதானே என்று திருடினேன். ஒருமுறை இருபது வந்தது. காட்டினேன், திருப்பிப் போடுவதுபோல் பாவனை செய்து உள்ளங்கையில் ஒதுக்கிக்கொண்டேன். அதன்பின் வேண்டும்போதெல்லாம் எனக்கு இருபது. பூட்டு திறந்தது, ஓநாய் ஓடியது, ராணியே எனக்கு வணக்கம் வைத்தாள். மற்றவர்களின் வீரம் என்னிடம் எடுபடவில்லை. கோட்டான் மட்டும் என் கையைப் பார்ப்பாள், கண்ணை உருட்டுவாள், கதையைத் தொடர்வாள். அவளால் தாக்குப்பிடிக்க முடியாது, தானாக எழுந்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

பத்தாம் நாள் பாலத்துக்கு வந்தோம். பாதி எரிந்த பாலம், பின்னால் டிராகன். கோட்டான் சொன்னாள்: "ஆளுக்கு ஒரு சீட்டு. ஒருத்தருக்காவது இருபது வந்தாத்தான் எல்லாரும் பிழைப்பீங்க."

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அவர்கள் தோற்கட்டும், கடைசியாக நான் எடுப்பேன், என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்போது நாற்காலியைக் கேட்பேன். ரேங்குக்கு ஏழு. ஒட்டடைக்குச்சி கண்ணை மூடி எடுத்தாள், பிரித்தாள், மாடிப்படி அதிரக் கத்தினாள்.

இருபது.

என் எழுத்து, என் சுழி. என் இருபதோ கைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. பொய் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் கையைத் திறக்க வேண்டும். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், நானும் கையை மூடியபடியே குதித்தேன். நாற்காலியைக் கேட்கவில்லை. சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பர்ஸில் வைத்தேன். தவறுதலாக இரண்டு இருபது எழுதிவிட்டேன் என்றே இருபத்திரண்டு வருடம் நம்பினேன்.

போன மாதம் என் மகள் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். எக்ஸ்ரே எடுக்கிற வரை நான் சொன்ன ஆறுதல் ஒன்றும் காதில் ஏறவில்லை, ஊரைக் கூட்டினாள். மாவுக்கட்டு அறைக்குள் போனோம். அங்கங்கே நரைத்த முடியும் நீலக் கையுறையுமாகக் கோட்டான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மகள் பக்கம் குனிந்தாள்.

"பாதி எரிஞ்ச பாலம். பின்னாடி டிராகன் வருது. கையை ஆட்டினா அதுக்குத் தெரிஞ்சுடும். என்ன பண்ணப்போற?"

மகள் அழுகையை நிறுத்தினாள். பஞ்சு சுற்றி, துணியை நனைத்துச் சுற்றி முடிக்கிற வரை அசையவில்லை. பெற்றவள் நான், ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவள் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ரெண்டு இருபது இருந்துச்சு, தெரியுமா?"

"தெரியும். ஒண்ணு நான் எழுதினது," என்றாள், கட்டைத் தடவிச் சமன் செய்துகொண்டே. "தினமும் ஆட்டம் முடிஞ்சதும் சீட்டை எண்ணுவேன். பத்தொம்பதுதான் இருந்துச்சு. உன் சுழிதான் வரவே இல்ல. ஒரு நோட்டுப் பூரா எழுதிப் பழகி, பாலத்துக்கு முந்தின நாள்தான் போட்டேன்."

"சும்மா எழுதிப் போட்டிருக்கலாமே."

"வேற எழுத்தா இருந்தா, பழசு எங்கேன்னு ரேங்க் கேட்டிருப்பாளே."

என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது.

மாவு இறுகியதும் மகள் பேனாவை நீட்டினாள், மாவுக்கட்டின் மேல் ஏதாவது எழுதச் சொல்லி. என்னிடம் இல்லை, அவளிடம். கோட்டான் பெரிதாக 20 என்று எழுதினாள்.

"அம்மா, உன் எழுத்து மாதிரியே இருக்கு!" என்றாள் மகள்.

என்னுடையதைவிட அழகாக இருந்தது. கட்டைப் பிரிக்க ஆறு வாரம் ஆகும். பர்ஸில் இருக்கும் சீட்டைக் கோட்டானிடம் கொடுக்கவில்லை.