பெஸ்ட்டுக்கு முறை வைத்தவள்

செங்கமலத்தைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி, அவள் செய்த திருட்டுத்தனத்துக்கு ஒரு வருஷம் நான் உடந்தையாக இருந்ததுதான்.

1983-இல் ஒரகடம் போகிற ரோட்டில், டார்ச் லைட்டுக்கு ஸ்விட்ச் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. கேட்டைப் பார்த்துக்கொள்வது, வருகை எழுதுவது, சாயங்காலம் யார் தட்டில் எத்தனை ஸ்விட்ச் என்று எண்ணிச் சீட்டுப் போடுவது எல்லாம் என் தலையில். ஸ்விட்ச் பூட்டுகிற நீள மேஜையில் பதின்மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்தி மண்ணூர் செங்கமலம். முப்பத்தைந்து வயது. வாய் பேசாததை விரல் பேசும். அவள் அப்பா ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். மடையைத் திறந்து, இன்றைக்கு இன்னார் வயலுக்குத் தண்ணீர் என்று முறை விடுகிற வேலை. புருஷன் தசரதனின் அரைக் காணி இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்ததால், அந்த வீட்டில் உலை கொதித்தது இவள் சம்பளத்தில்தான்.

அந்த வருஷத் தொடக்கத்தில் முதலாளிக்கு ஒரு யோசனை பிறந்தது. மாதாமாதம் அதிக ஸ்விட்ச் பூட்டுகிறவள் 'பெஸ்ட் ஒர்க்கர்'. அவள் படத்தைச் சட்டம் போட்டு கேட் பக்கத்துச் சுவரில் மாட்ட வேண்டும். சூப்பர்வைசர் ஆபிரகாம் இதை அறிவித்துவிட்டுப் போனதும், மொத்த மேஜையும் என்னைப் பிடித்துக்கொண்டது.

"இன்னா பாபு, பெஸ்ட்டுனா இன்னா?" என்றாள் பாப்பம்மாள். மேஜையிலேயே கை மெத்தனம் அவளுக்குத்தான்.

"எல்லாரையும் விட ஒஸ்தினு அர்த்தம். ஒருத்தர்தான் இருக்க முடியும்."

"பஸ் ஸ்டாண்டாண்ட மூணு டெய்லர் கடை கீது. மூணு போர்டுலயும் பெஸ்ட்டுனுதானே போட்டுகீறான்?"

நான் இங்கிலீஷ் படித்தது எட்டாவது வரைதான். அது ஒரு மரியாதைக்குப் போடுவது என்று சொல்லிச் சமாளித்தேன்.

"மரியாதைன்னா முறைப்படி வரணும்" என்றாள் செங்கமலம். அதுவரை அவள் தலை நிமிரவில்லை. "ஒருத்தி படத்த மாட்டி ஒஸ்தின்னா மீதிப் பன்னெண்டு பேரும் மட்டம்னு ஆவுது. நாளைக்கு ஒரே பஸ்ஸுல எப்படி வூட்டுக்குப் போறது? மாசத்துக்கு ஒருத்தி. கடைமடைலேந்து ஆரம்பிக்கலாம்."

கடைமடை என்றால் தண்ணீர் போய்ச் சேராத கோடி வயல். பஞ்ச காலத்தில் அங்கேதான் முதல் முறை விடுவாராம் அவள் அப்பா. தன் வயலுக்குக் கடைசியில். அந்தக் கணக்குப்படி முதல் பெஸ்ட் பாப்பம்மாள், பதின்மூன்றாவது பெஸ்ட் செங்கமலம். மேஜைக்குச் சம்மதம்.

இதை எப்படி நடத்துகிறார்கள் என்று எனக்கு விளங்க ஒரு மாதம் ஆயிற்று. சாயங்காலம் நான் எண்ண வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால், ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பிடி ஸ்விட்ச் கிளம்பி, கை மாறிக் கை மாறி, பாப்பம்மாள் தட்டில் போய் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய பிடி செங்கமலத்தினுடையது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "எண்ணுறதுதானே உன் வேல? எண்ணு" என்றாள். எண்ணினேன்.

பாப்பம்மாளின் படம் சுவரேறியது. போலீஸ் பிடித்துக்கொண்டு போய் எடுத்த மாதிரி ஒரு முகம். ஆனாலும் அவள் புருஷன் பலராமனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து படத்துக்கு ஒரு சம்பங்கி மாலையைப் போட்டுவிட்டுப் போனான். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போன அவள் சித்தி, சுவரில் படத்தையும் படத்தில் மாலையையும் பார்த்துவிட்டு, சேரப்பணஞ்சேரி டிக்கெட்டை நடுவிலேயே விட்டு இறங்கி, கேட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வந்த பாப்பம்மாள், "யாரு சித்தி செத்துட்டாங்க?" என்று கேட்டபடியே தானும் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பேரையும் பிரித்து எழுப்ப எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

அதன் பிறகு மாதம் ஒரு முகம் மாறியது. பாவம், ஆபிரகாமுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. நாகர்கோவில்காரர், கணக்கில் புலி. "என்னடே பாபு இது? போன மாசம் முதல்ல நின்னவ இந்த மாசம் பாதிக்குக் கீழ கெடக்கா. படம் மாட்டின உடனே கை முடங்கிப் போகுதே" என்பார். கண்ணேறாக இருக்கும் சார் என்றேன். அவர் தேவாலயத்துக்குப் போகிறவர், இருந்தாலும் கொஞ்சம் யோசித்தார்.

பன்னிரண்டாவது மாதம் கங்கம்மாளின் முறை. இருபதாம் தேதி முதலாளி மெட்ராஸிலிருந்து வந்து ஒரு குண்டைப் போட்டார். கம்பெனி நிரந்தரம் செய்யப் போகிறது. ஆனால் ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் படம் வராதவள் எதற்கு? படம் வந்தவர்களுக்கு வேலை நிரந்தரம், வராதவளுக்கு ஜனவரி முதல் வேலை இல்லை.

பதினொரு பேர் படமாகிவிட்டார்கள். மீதி இரண்டு பேர், மீதி ஒரே மாதம். எல்லோர் கண்ணும் கங்கம்மாள்மேல் போயிற்று. அவள் குனிந்து ஸ்விட்ச் பூட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு புருஷன் இல்லாமல் இருக்கிறவள். அன்று சாயங்காலமும் செங்கமலம் தன் தட்டிலிருந்து பெரிய பிடியாக அள்ளி கங்கம்மாள் பக்கம் தள்ளினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு மூளை பிசகிடுச்சாக்கா? இங்க உன்ன மிஞ்ச ஆள் இல்ல. உன் தட்டுல நீயே வச்சுக்கினு இருந்தா பத்து நாள்ல எல்லாரையும் தாண்டிடுவ."

"இது அவ முறை."

"வேல போயிடும்க்கா."

"தெரியும். பயமாத்தான் கீது." என்றாள். "மடையாண்ட நிக்கிறவனே முறைய மாத்துனா அப்பறம் எவன் மதிப்பான்?"

எங்கள் ஊரில் கொள்கை உள்ளவர்களைக் கட்டி வைத்து அடிக்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். கங்கம்மாளையும் மனதுக்குள் திட்டினேன்.

இரண்டு நாள் கழித்து கங்கம்மாள் என் மேஜைக்கு வந்தாள். தனக்கும் செங்கமலத்துக்கும் இதுவரை எத்தனை என்று கேட்டாள். சொன்னேன். விரலில் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள். மறுநாளிலிருந்து செங்கமலத்தின் தட்டை என் மேஜைக்குத் தூக்கி வருகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். "நீ போக்கா, பஸ் பூடும்" என்று அவளை முன்னால் அனுப்பிவிடுவாள். மேஜையிலிருந்து என்னிடம் வருவதற்குள் அந்தத் தட்டு கனத்துக்கொண்டே வந்தது. கங்கம்மாள் தன் தட்டிலிருந்து ஒரு பிடி, பாப்பம்மாள் ஒரு பிடி, பக்கத்தில் உட்காரும் கிரேசி ஒரு பிடி. இந்தப் பக்கம் செங்கமலம் கங்கம்மாளுக்குத் தள்ளியது, அந்தப் பக்கம் சுற்றி அவள் தட்டுக்கே வந்துகொண்டிருந்தது. அது தெரியாமல் அவள் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் ஆபிரகாம் நான்கு தடவை கூட்டிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

முதலாளி வந்தார். மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். தன் பெயர் எப்படி அந்தக் கணக்கில் வந்தது என்றே செங்கமலத்துக்குப் புரியவில்லை.

"பெஸ்ட்டுனா ஒருத்திதான்யா. ரெண்டு பேர் எப்படி? சீட்டுக் குலுக்கி ஒருத்திய எடு" என்றார் முதலாளி.

ஆபிரகாம் சீட்டுக்குக் காகிதம் கிழித்தார். பாப்பம்மாள்தான் கடைக்கு அனுப்பத் தயாராயிருந்த ஸ்விட்ச் டப்பா ஒன்றை எடுத்து வந்து முதலாளி முன்னால் வைத்தாள்.

"இதுமேல இன்னா போட்டுகீது ஐயா? பெஸ்ட்டுனுதானே? படிக்கத் தெரியாது, படத்துக்குக் கீழ போட்ட அதே எழுத்துன்னு தெரியும். குன்றத்தூர் சந்தையில மத்த கம்பெனி டப்பாவப் பாத்தேன். அதுலயும் இதே எழுத்துதான் கீது. அவன் டப்பாவத் தூக்கிப் போட்டுடலாமா, உங்களுதத் தூக்கிப் போட்டுடலாமா?"

முதலாளி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பணம் கொடுத்து அச்சடித்த எழுத்து. பிறகு, சட்டம் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு பேரையும் ஒரே படமாக எடுத்துவிடு என்று ஆபிரகாமிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். செங்கமலம் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். கங்கம்மாள் அவளைத் திட்டிக்கொண்டே தானும் அழுதாள்.

ஜனவரியில் வேலைக்கு வந்த முதல் நாள் மேஜையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அன்று ஒரு நாள் மட்டும் யாரும் யாருக்கும் தள்ளக் கூடாது, பூட்டினது பூட்டினவள் தட்டிலேயே இருக்கட்டும். யார் கை எவ்வளவு என்று பார்க்க பாப்பம்மாளுக்குத்தான் ஆசை. சாயங்காலம் எண்ணினேன். பாப்பம்மாள் இருநூற்றுத் தொண்ணூறு. மற்றவர்கள் ஐந்நூறை ஒட்டி. செங்கமலம் எண்ணூற்றுப் பதினாறு.

"எவ்ளோ?" என்றாள். சொன்னேன். "நல்லா எண்ணுனியா?" என்றாள். மறுபடியும் எண்ணிக் காட்டினேன். தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதில் பாதிக்கு மேல் வாரி பாப்பம்மாள் தட்டில் போட்டாள்.

"புது வருஷம். கடைமடைலேந்து ஆரம்பிக்கணும். வேற சீட்டு எழுது பாபு."

வேறு சீட்டு எழுதினேன். மாதக் கடைசியில் பாப்பம்மாள் படத்தை மறுபடி மாட்டினேன். மாலை கூடாது என்று பலராமனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

நான் கிழித்துப் போட இருந்த, எண்ணூற்றுப் பதினாறு போட்ட முதல் சீட்டைச் செங்கமலம் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கங்கம்மாளோடு எடுத்த படம் கங்கம்மாள் வீட்டில் இருக்கிறது. இவள் வீட்டில், அரிசிப் பானைக்கு மேல் ஆணியில் அந்தச் சீட்டு குத்தியிருக்கிறது. என்ன அது என்று யாராவது கேட்டால், நிலத்துக்குக் கட்டிய தீர்வை ரசீது என்கிறாள்.