அல்வாலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளோட்டம்

1988 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் செகந்திராபாத்தில் இறங்கினேன். மெட்ராஸிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வண்டி ஐம்பது நிமிடம் தாமதம். ரயில்வேயில் போக்குவரத்து இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் காரணம் கேட்கவில்லை. தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி நானே எழுதிப் பழகியவை.

வாசலில் ஆட்டோக்காரர் அல்வாலுக்கு இருபத்தைந்து ரூபாய் கேட்டார். நான் மீட்டரைக் காட்டினேன், அவர் வானத்தைக் காட்டினார். இருபதில் இருவரும் சமாதானமானோம். கார்க்கானா, திருமுல்கேரி, லோத்குண்டா என்று பத்து கிலோமீட்டர். கடைசியில் ஒரு ரயில் கேட். அதைத் தாண்டினால் என் தங்கை சரோஜாவின் வீடு.

அவள் டிரங்க் கால் போட்டு என்னை வரச்சொன்னதற்குக் காரணம் அவள் கணவர் சண்முகம். பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நவம்பரில் மாரடைப்பு வந்து பிழைத்தார். இன்னொரு முறை இதயம் திடீரென்று நின்றே போகலாம், நின்றால் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பம்பாயிலிருக்கும் மகன் உடனே ஒரு முடிவுக்கு வந்தான்: அல்வால் வீட்டை விற்றுவிட்டு இருவரும் அவனோடு வந்துவிட வேண்டும், அவன் ஃபிளாட்டுக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி. சண்முகம் மாட்டேன் என்றார்.

"வாங்க மச்சான், தீர்ப்பு சொல்ல ஜட்ஜ் வந்தாச்சு" என்றார் என்னைப் பார்த்ததும்.

"தீர்ப்பு அப்புறம் மாப்பிள்ளை. முதல்ல ஸ்தல விசாரணை."

விசாரிக்க எனக்குக் கொஞ்சம் தகுதி இருந்தது. அதற்கு முந்தைய வருடம் மேற்கு ஜெர்மனியில் மகளோடும் அமெரிக்காவில் மகனோடும் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தவன் நான். பிள்ளைகள் அரண்மனைகளையும் அருவிகளையும் காட்டினார்கள். எனக்கு நினைவில் நின்றவர்கள் விழுந்த இரண்டு மனிதர்கள். ஜெர்மனியில் டிராம் நிறுத்தத்தில் ஒரு கிழவர் விழுந்தார். ஆம்புலன்ஸ் ஒரு பக்கமிருந்து வந்தது, டாக்டர் தனியாக ஒரு சிறிய காரில் இன்னொரு பக்கமிருந்து வந்தார். அமெரிக்காவில் மகனின் பக்கத்து வீட்டுக்காரர் விழுந்தபோது முதலில் வந்தது தீயணைப்பு வண்டி. நான் புகை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். இறங்கியவர்கள் டாக்டர்களும் அல்லர். ஆனால் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை அங்கேயே, புல்தரையிலேயே திறந்தார்கள். நம் ஊரில் நோயாளி வைத்தியத்தைத் தேடிப் போகிறார். அங்கே வைத்தியம் நோயாளியைத் தேடி வருகிறது.

ஆகவே ஒரு வெள்ளோட்டம் விடுவது என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை விழுந்ததாக வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போய்ப் பார்ப்பது. சரியாக வராவிட்டால் பம்பாய். சண்முகம் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. அடுத்த தெரு மாணிக்கம் தன் மேட்டடார் வேனோடு வந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சாயங்காலம் தொழிலாளர்களைப் பட்டான்செரு தொழிற்பேட்டைக்கு ஏற்றிக்கொண்டு போனால் காலையில்தான் திரும்புவார். அதாவது, பகலில் மட்டும் விழுவதாக மாப்பிள்ளை ஒப்புக்கொண்டால் வண்டி தயார்.

"இப்ப விழுந்துட்டீங்க" என்றேன். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சரோஜா பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றினாள். டாக்டர் சீட்டுகளைத் தேடினாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னம்மா பண்ற?"

"ஆஸ்பத்திரிக்கு இந்தப் புடவையோடவா வர்றது?"

நானும் மாணிக்கமும் நோயாளியைத் தூக்கி வேனில் கிடத்தினோம். சரோஜா வாசலில் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது: "அது உனக்கு வராது சரோ. சாவியைக் கொஞ்சம் தூக்கித் திருப்பணும்." சொன்னவர் இறங்கிப் போய் வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி உயிருக்குப் போராட ஆரம்பித்தார்.

ரயில் கேட் மூடியிருந்தது.

கேட்மேனிடம் போகவில்லை. மூடியதை உறுதி செய்து ஸ்டேஷனுக்கு போனில் ரகசிய எண் கொடுத்துவிட்ட கேட்டை, வண்டி கடக்கும்வரை யாருக்காகவும் திறக்கக் கூடாது. அரக்கோணத்தில் எத்தனையோ கேட்மேன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். மீட்டர் கேஜ் சரக்கு வண்டி வருவதற்கான அடையாளமே இல்லை.

சண்முகம் தலையைத் தூக்கினார். "மச்சான், நான் இன்னும் செத்துக்கிட்டுத்தான் இருக்கேனா?"

"ஹவ் அண்ணா, ஆமா, படுங்க" என்றார் மாணிக்கம்.

"இப்ப என்ன செய்யறது அண்ணா?" என்று சரோஜா கேட்டாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை. திரும்பிப் பார்த்தேன். கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் பிளாஸ்க்கைப் பிடித்திருந்தன.

அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் வெளிநாட்டில் நான் வண்டிகளை மட்டும் வேடிக்கை பார்த்தது புரிந்தது. டிராம் நிறுத்தத்தில் டாக்டரின் கார் வருவதற்கு முன்பே, காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெண் கிழவரின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். அமெரிக்கப் புல்தரையிலும் தீயணைப்பு வண்டி வரும்போது பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி மண்டியிட்டு அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

கேட் திறந்தது. திருமுல்கேரியில் குறுக்கு வழி கேட்டேன். "நக்கோ சார், வேணாம், அது மிலிட்டரி ரோடு. நிறுத்தி விசாரிச்சான்னா மத்தியானம் ஆயிரும்." செகந்திராபாத் ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது, கட்டிலிலிருந்து கணக்கிட்டால் நாற்பத்தொரு நிமிடம்.

எதிர்க் கடையில் டீ குடித்தோம். சண்முகம் கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பம்பாய்க்கு டிக்கெட் போட்டுடுங்க மச்சான்."

"விசாரணை முடியல மாப்பிள்ளை."

அன்று சாயங்காலமே கூடத்தில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கிடத்தினேன். அமெரிக்காவில் மகன் என்னை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய் ரப்பர் பொம்மையின் மேல் மார்பை அழுத்திப் பழக வைத்திருந்தான். உயிரோடிருப்பவரின் மார்பில் பழகக் கூடாது என்பது முதல் பாடம். அதனால் மாப்பிள்ளைக்கு வேடிக்கை பார்க்க ஒரு நாற்காலி. மூச்சு ஊதும் முறையைச் சொன்னபோது சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிர்வீட்டுப் பஞ்சாபி சுபேதார் சத்தம் கேட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அணிவகுப்புக் குரலில் எண்ண ஆரம்பித்தார்: "ஏக், தோ, தீன்..." சரோஜா முதலில் வடை தட்டுவதுபோல் தட்டினாள். முழங்கை மடங்காமல், உடம்பின் கனத்தை இறக்கு என்றேன். இறக்கினாள். மூட்டை அமுங்கியது.

"மச்சான், முப்பத்திரண்டு வருஷக் கோபத்தையும் சேர்த்து அமுக்கறா."

சரோஜா நிறுத்தாமலே சொன்னாள்: "இன்னும் பாதிகூட ஆகல."

சுபேதாரும் மாணிக்கமும் பழகினார்கள். சனிக்கிழமை பழைய பூட்டு குப்பைக்குப் போனது. திருமுல்கேரியில் அதிர்ச்சி இயந்திரம் உள்ள ஒரு நர்சிங் ஹோமை மாணிக்கம் கண்டுபிடித்தார். வேனைக் கேட்டுக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டோரம் நிறுத்தச் சொன்னேன். சாலைக் கேட் மூடியிருந்தாலும் பக்கத்தில் நடப்பவர்களுக்கென்று சின்ன வழி உண்டு. இருபுறமும் பார்த்து, நோயாளியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக் கடக்கலாம். இரவுக்குச் சுபேதாரின் ஜீப், அதுவும் அந்தப் பக்கமே. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வெள்ளோட்டம், நர்சிங் ஹோம்வரை பதினாறு நிமிடம். இது ஜெர்மனி ஆகிவிடாது. பதினாறு நிமிடம் அழுத்தினாலும் பிழைக்காமல் போகலாம். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"பம்பாயில பக்கத்து ஃபிளாட்டுல யாருன்னே தெரியாது" என்றாள் சரோஜா. "இங்க மார்பை அமுக்க மூணு பேருக்குத் தெரியும். நான் இங்கேயே இருக்கேன். அவர் வேணும்னா போகட்டும்."

அவர் போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவை சும்மா வாங்க மச்சான். யாரையும் சாகடிக்காம."

மறுநாள் காலை பெரம்பூர். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். நடுவில் கேட் கிடையாது, மிலிட்டரி கிடையாது. நான் இதைச் சொல்லிப் பெருமையடிப்பதைக் கேட்காமல் விருந்தாளி யாரும் எங்கள் வீட்டிலிருந்து தப்பியதில்லை. கதவைத் திறந்த என் மனைவி கனகாவின் ஒரு கையில் கரண்டி இருந்தது, இன்னொரு கையில் பிடிதுணி.

"எல்லாரும் சௌக்கியமாங்க?"

"சௌக்கியம். அரிசி மூட்டையைக் கூடத்துக்குக் கொண்டு வரணும்."

"வந்ததும் வராததுமா என்ன இது? முதல்ல குளிச்சிட்டு வாங்க."

"குளிக்கும்போது நான் விழுந்துட்டா என்ன செய்வே?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்க வந்தாள்.