கூகைக்கட்டும் ‘ஊரில எவடம்’ கேள்வியும்

ஒரு கேள்வியை மட்டும் நான் விழுங்கியிருந்தால், ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கன்னங்களை வீங்கவைத்த கூகைக்கட்டு மூன்று நாள் முந்தியே பிடிபட்டிருக்கும். விழுங்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும், யாராவது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருப்பதைக் கண்டால் நான் வேறு பக்கம் பார்ப்பது அதனால்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாணவர் விடுதிகளில் தொற்றுநோய் எப்படி ஆளுக்கு ஆள் தாவுகிறது என்று ஆராயும் திட்டம் ஒன்றில், வளாகத்துச் சுகாதார நிலையத்தில் எனக்கு ஆறு மாத வேலை. நோய் வந்த பிள்ளையிடம் போய், கடந்த மூன்று கிழமையில் யாரோடு சாப்பிட்டாய், யாருடைய கோப்பையில் குடித்தாய், யாரை முத்தமிட்டாய் என்று கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் மனைவி முன்னால்கூட அந்தக் கடைசிச் சொல்லை உச்சரித்திராதவனை, நாளுக்குப் பத்துத் தரம் சொல்ல வைத்தது இந்த நாடு. முதல் கிழமை காது சிவந்தது. இரண்டாம் கிழமை, “முத்தம்? எத்தனை பேர்?” என்று பஸ் கொண்டக்டர் போலக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

திட்டத்தின் தலைவி ஒரு வெள்ளைக்காரத் தாதி. ஓய்வுபெற்ற பிறகு சிரிக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்தவர். அவருடைய அறைச் சுவரில் ஒரு பெரிய தாள். நோயாளிக்கு ஒரு வட்டம், யாரிடமிருந்து யாருக்குப் போனதோ அதற்கு ஓர் அம்பு. கூகைக்கட்டு எச்சிலில் பரவுவது. ஆகவே அந்தத் தாளை வளாகத்தின் காதல் வரைபடம் என்றும் சொல்லலாம். அதைப் பார்ப்பதற்காகவே காலையில் பத்து நிமிடம் முந்திப் போவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, விடுதியில் இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயர் வந்தது. அறைத்தோழியிடமிருந்து தொற்றியிருந்தது. பல்வலி என்று சொல்லி, ஆறு நாளாகச் சால்வையால் கன்னத்தை மூடிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

“நீயும் தமிழன், அவளும் தமிழ். உன்னிடம் மனம் திறப்பாள்,” என்றார் தாதி.

தொழிலில் அவர் செய்து நான் கண்ட ஒரே பிழை அது. நான் திருத்தவில்லை. உச்சி குளிர்ந்துபோய் நின்றேன்.

கதவைத் திறந்த பிள்ளையின் ஒரு கன்னம் பேக்கரிப் பணிஸ் மாதிரிப் பொங்கியிருந்தது. என்னைக் கண்டதும் மற்றக் கன்னமும் விழுந்துவிட்டது.

“நீங்கள் தமிழோ அங்கிள்?”

“ஓம் பிள்ளை. ஒண்டுக்கும் யோசியாதையும். நீர் சொல்லுற ஒரு சொல்லும் இந்த அறையை விட்டு வெளியில போகாது.”

இது பயிற்சியில் சொல்லித் தந்த வசனம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பரம்பரைப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்தது.

“ஊரில எவடம்?”

சொன்னாள்.

“ஆற்றை மகள்?”

அதையும் சொன்னாள்.

“அட! உம்மட அம்மாவும் என்ரை மச்சாளும் ஒரே வகுப்பெல்லோ! போன கிழமையும் அம்மாவை றிச்மண்ட் ஹில் கோயிலில கண்டனான்.” பேனாவைத் திறந்தேன். “சரி, இப்ப சொல்லும். ஆரையும் கொஞ்சினனீரோ?”

பிள்ளை சால்வையை இழுத்துக் கன்னத்தை மூடினாள்.

“நோ, அங்கிள்.”

“ஆற்றையும் கோப்பையில குடிச்சது?”

“நோ, அங்கிள். நான் அண்ணாந்துதான் குடிக்கிறனான்.”

பழகியவர்கள் என்று பதினொரு பெயர் தந்தாள். பதினொன்றும் பெண்கள். ஒருத்திக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

சுவரில் அவளுடைய வட்டத்துக்குள் ஓர் அம்பு நுழைந்தது, ஒன்றும் வெளியேறவில்லை. நோய் அவளிடம் வந்ததும் துறவறம் பூண்டுவிட்டது போலும். தாதி மூக்கைத் தாளோடு ஒட்டிப் பார்த்தார்.

“இதை நான் நம்பவில்லை. இன்னொருவர் எங்கோ நடமாடுகிறார்.”

சனிக்கிழமை காலை தமிழ் மாணவர் சங்கம் மொன்றியலுக்கு ஒரு பஸ் பிடித்திருந்தது. நாற்பது பேர், ஆறு மணி நேரம், பாட்டு, கைமாறும் சோடாப் போத்தல். பலர் போருக்குள்ளால் ஓடி வந்த பிள்ளைகள். ஓடுகிற அவசரத்தில் யார் தடுப்பூசிக் கார்டைத் தேடியது? அந்த இன்னொருவர் பஸ்ஸில் ஏறினால் தாதியின் சுவர் போதாது.

வியாழக்கிழமை திரும்பப் போனேன்.

“பிள்ளை, என்னை உம்மட அப்பா மாதிரி நினையும்.”

“அதுதானே அங்கிள் பிரச்சினை!” என்று வெடித்தாள். “ஒரு வருசம் அப்பாவிட்டக் கெஞ்சி ரெசிடென்ஸுக்கு வந்தனான். பெடியன் எண்டு கேள்விப்பட்டாரெண்டா அண்டைக்கே காரில ஏத்திக்கொண்டு போடுவார். பிறகு டோர்செட் பார்க் வீட்டில இருந்து பஸ், சப்வே, பஸ். ஃபோர் இயர்ஸ்!”

நான் பேனாவைத் திறந்தேன்.

“அப்ப பெடியன் ஒண்டு இருக்கு,” என்றேன்.

“கேள்விப்பட்டாரெண்டா எண்டுதானே சொன்னனான்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒரு கடித உறையோடு போனேன். பெயரையும் போன் நம்பரையும் எழுதி ஒட்டித் தரட்டும், நான் பாராமல் தாதியிடம் கொடுக்கிறேன் என்றேன்.

“சத்தியம்?”

“எங்கட ஊர்ப் பிள்ளையாராணை.”

“அவர் தூரத்தில இருக்கிறார். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரில பண்ணுங்கோ. அங்கதானே நீங்கள் அம்மாவைக் காணுறனீங்கள்.”

பண்ணினேன். அவள் எழுதி முடிக்கும்வரை சுவரைப் பார்த்து, தோப்புக்கரணத்துக்குத் தயாரானவன் போல நின்றேன். பிறகு உருகுகிற பனியில் வளாகத்துக்குக் குறுக்கே ஓடினேன். இரண்டு தரம் விழுந்தேன். இரண்டு தரமும் உறை மேலே, நான் கீழே. யாரோ இரண்டு பெடியள் கைதட்டினார்கள். நான் கும்பிட்டுவிட்டு ஓடினேன்.

தாதி உறையைப் பிரித்துப் போனை எடுத்தார். பெடியன் மொன்றியலுக்குப் பை கட்டி முடித்திருந்தான். அவனுக்கும் இரண்டு நாளாக ஒரு பல்வலி. பஸ் அவனை விட்டுவிட்டு, நோயையும் விட்டுவிட்டுப் போனது. தாதி சுவரில் அம்பைக் கீறினார். அவருக்குப் பல் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ரகசியம் காப்பது எனக்குப் புது அனுபவம். வயிறு ஊதிப்போய்த் திரிந்தேன். பிள்ளையின் தாயைக் காணப் பயந்து இரண்டு ஞாயிறு கோயிலுக்கே போகவில்லை. மூன்றாம் ஞாயிறு, அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“தம்பி, மகளைக் கண்டனீங்களாமே?”

“எந்த மகள்? எனக்கு ஒருத்தரையும் தெரியாது அக்கா. நான் அங்க ஃபைல் அடுக்கிற வேலை.”

அவர் திரும்பி, கணவர் தூரத்தில் செருப்புத் தேடுவதை உறுதிசெய்துகொண்டார்.

“சும்மா முழுசாதேங்கோ. அந்தப் பெடியனை எனக்குப் போன வருசமே தெரியும். நீங்கள் வந்துபோன முதல் நாளே அவள் நேர்ஸிட்டச் சொல்ல வெளிக்கிட்டவள், நேர்ஸுக்குத் தெரிஞ்சா உங்களுக்கும் தெரியவருமெண்டு நான்தான் மறிச்சனான். உங்களுக்குத் தெரியிறதும் தமிழ் ரேடியோவில அறிவிக்கிறதும் ஒண்டு எண்டு உங்கட மச்சாள் சொன்னவ.”