இருநூற்றைம்பது வோல்ட்

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. நாரந்தனையில் வால்வு ரேடியோ திருத்திக்கொண்டிருந்த எனக்கு, பழைய செட்டுகளிலிருந்து கழற்றிய சாமான்தான் கதி. அப்படியிருக்க, ரேடியோவின் உறுமலை வடிக்கும் புதுக் கண்டென்சர் ஒன்று கொழும்பிலிருந்து வந்தவர் மூலம் கிடைத்தது. நானூற்றைம்பது வோல்ட் தாங்கும். அதை என் சொந்த ரேடியோவுக்கென்று எடுத்து வைத்தேன். என் ரேடியோ கொஞ்சம் உறுமியதே தவிர, பாட்டுக் கேட்க ஒரு குறையும் இல்லை.

அந்தக் கிழமைதான் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் தன் ரேடியோவைக் கொண்டுவந்தார். அவருடைய ஒரே தமையன் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார், நெஞ்சு வருத்தக்காரர். அக்கா ரேடியோவைப் போடுவது, அதில் நாளுக்கு மூன்று தரம் வாசிக்கும் மரண அறிவித்தலுக்கு மட்டும்தான். அவருடைய ஒழுங்கையில் எந்த வீட்டிலும் வேறு ரேடியோ இல்லை.

"பாட்டுக்கில்லைத் தம்பி. அண்ணைக்கு ஏதும் எண்டால் தந்திக்கு முந்தி இதிலைதான் சொல்லுவினம். கெதியாத் திருத்தித் தாரும்."

பழைய கண்டென்சர் ஊதிப்போயிருந்தது. புதியது என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்! கழித்த செட் ஒன்றிலிருந்து இருநூற்றைம்பது வோல்ட் ஒன்றை எடுத்து ஒட்டினேன். ரேடியோ நன்றாகச் சூடேறிய பிறகு மீற்றரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று நாற்பது. தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வால்வுகள் சூடேறும் வரை, முதல் சில விநாடிகள், வோல்ட் முந்நூறுக்கும் மேலே ஏறி இறங்கும் என்பது எனக்குத் தெரியாததா? நாள் முழுக்கப் பாடவிடுகிற வீட்டில் அந்த அடி நாளுக்கு ஒரு தரம். அக்காவோ அறிவித்தலுக்குப் போடுவார், முடிந்ததும் நிற்பாட்டுவார். நாளுக்கு மூன்று அடி. அதுவும் தெரிந்துதான் கொடுத்தேன். "இனிப் பயமில்லை அக்கா" என்றும் சொன்னேன், வாய் கூசாமல்.

ஒரு மாதம் தாங்கியது. ஒரு நாள் முதல் பஸ்ஸில், ரேடியோவைப் பழஞ்சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"நேற்றுப் பின்னேரம் அறிவித்தலுக்குப் போட்டனான். படாரெண்டு வெடிச்சுப் புகைஞ்சிட்டுது."

மூடியைக் கழற்றினேன். வெடித்திருந்தது நான் போட்ட கண்டென்சர்தான். மேசையில், புதுக் கண்டென்சர் போட்ட என் ரேடியோ உறுமல் துளியும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து மரண அறிவித்தல் தொடங்கியது. இரண்டாவதாக அவருடைய தமையனின் பெயர், கடையின் பெயர். தகனம் இன்று பிற்பகல் என்றார்கள்.

முதல்நாள் பின்னேரமே அந்த அறிவித்தல் போயிருக்கும். கேட்டிருந்தால் இரவு ரயிலைப் பிடித்திருப்பார். இனி எதில் ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அந்த ரயிலிலிருந்து அவரை இறக்கிவிட்டவன் நான். களவெடுத்தவனுக்குக்கூட இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது.

அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். என் மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அழுது ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நல்ல காலம் தம்பி, உம்மடை ரேடியோ எண்டாலும் பாடினது. இல்லாட்டி அண்ணையை அங்கை எரிக்கேக்கை நான் இஞ்சை சோறு திண்டுகொண்டெல்லோ இருந்திருப்பன்."

"ஓம் அக்கா" என்றேன்.